மாப்பிள்ளை படம்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் நெல்லையப்பனின் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் கோவில்பட்டிக்குப் போயாக வேண்டும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிற வழக்கமில்லை. அது முடிந்த கையோடு நான் ஊருக்கு விமானம் ஏறிவிடுவேன். அப்புறம் இவனைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

பெண் பல் டாக்டர். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனுக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டதைக்கூட அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பதெல்லாம் ஒரு படம். இந்தப் பையனோ ஸ்காட்லாந்தில் பெர்த் என்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாரம் தவறாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். வீட்டுச் சுவர் முழுக்கப் படம். மலை, ஏரி, மேகம், ஒற்றை மரம். ஒன்றிலாவது ஒரு மனிதப் பிறவி இருக்க வேண்டுமே!

"லேண்ட்ஸ்கேப்னா அப்படித்தாம்மா. ஆள் வந்தா படம் கெட்டுப்போகும்" என்றான்.

"அப்ப ஒனக்கு மரத்தைத்தான்ல கட்டி வைக்கணும்" என்றேன்.

சனிக்கிழமை அவனுடைய போட்டோ சங்கத்தார் வெளியே போகிறார்களாம். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையில் கேமராவோடு ஆறேழு பேர் நிற்கிற இடத்தில் ஒருத்தராவது இவனை ஒரு படம் எடுக்க மாட்டாரா?

ஆகஸ்ட் 23, சனி

விடிவதற்கு முன்பே கிளப்பிவிட்டான். திருச்செந்தூருக்குப் போகிற மாதிரி புளியோதரை, தயிர் சாதம், வடகம் எல்லாம் கட்டிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் காரில் போய் டம்மல் என்கிற ஏரிக்கரையில் இறங்கினோம். குளிர். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் ஸ்டாண்டு போட்டு, கேமராவை மாட்டி, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் பேசவில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

"என்னத்தல பாக்காவ?"

"வெளிச்சத்துக்காகக் காத்திருக்கோம்மா."

காத்திருந்தார்கள். வெளிச்சம் வரவில்லை. மேலும் காத்திருந்தார்கள். தென்காசி ஸ்டூடியோவாக இருந்தால் இந்நேரத்துக்கு இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து முடிந்திருக்கும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப்பதிவு ஆபீசில் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். நிலம் என்றால் எனக்கு நான்கெல்லை தெரிய வேண்டும். கிழக்கே ஏரி சரி, மேற்கே யாருடையது? அந்த மலைக்கு யார் பேரில் பட்டா? சங்கத் தலைவர் ஃபெர்கஸிடம் கேட்டேன். எழுபது வயதிருக்கும், நெஞ்சுவரை தாடி. "நாற்பது வருஷமாக இந்த மலையைப் படம் எடுக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை" என்றார். வில்லங்கம் பார்க்காமல் நாற்பது வருஷம்!

மிட்ஜ் என்று ஒரு பொடிப்பூச்சி இங்கே உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கடித்தால் தெரியும். காற்று அடித்தால் வராது என்று ஃபெர்கஸ் சொன்னார். இன்றைக்குக் காற்றே இல்லை. காற்று இல்லாததால்தான் ஏரி கண்ணாடி மாதிரி நின்று, மலை தலைகீழாக அதில் தெரிந்ததாம். அதற்காகத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்ட தூக்குவாளியை நான் ஏரியில் இறங்கிக் கழுவினேன்.

ஒருத்தரும் திட்டவில்லை. "மன்னிக்கவும், பரவாயில்லை, அருமையான பாத்திரம்" என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் ஃபெர்கஸ் கொஞ்ச நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு பெண் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயர் ஷோனா. ஆடு மாட்டு டாக்டர். நல்ல உயரம், சகதி பூட்ஸ், கூடவே ஒரு கறுப்பு நாய். புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வாயில் வைத்ததும் "இதில் கடலைப்பருப்பு கூடுதல்" என்றாள். எதைவிடக் கூடுதல் என்று நான் கேட்கவில்லை.

நெல்லையப்பன் மொத்தம் ஒரே ஒரு படம் எடுத்தான். அதில் ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. வீட்டுக்காரர் தென்காசியிலிருந்து போன் செய்து, இட்லிப்பொடி எங்கே என்று கேட்டார். அவருடைய கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

இன்றைக்கு க்ளென் லயன் என்கிற பள்ளத்தாக்கு. மலைகள் எல்லாம் ஊதாப் பூ. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நிலத்தில் ஒரு வேலிக்கல்லைக்கூடக் காணோம் என்பதுதான் உறுத்துகிறது.

ஃபெர்கஸிடம் நேராகவே கேட்டுவிட்டேன். என் மகனை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், வீட்டுத் தேவைக்கு என்றேன். அவர் பயந்துபோனார். "நான் ஆட்களை எடுத்ததில்லை. அவர்கள் அசைவார்கள்" என்றார். விடுவேனா? கடைசியில் ஒப்புக்கொண்டு, இவனை அந்தப் பக்கம் போ, இன்னும் போ, இன்னும் கொஞ்சம் போ என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். மலையின் அளவு தெரிவதற்கு ஆள் தூரத்தில் நிற்க வேண்டுமாம். படத்தைக் காட்டினார். மலை இருந்தது, மேகம் இருந்தது, ஆறு இருந்தது. கீழே ஒரு மூலையில் எள்ளு மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் நான் பெற்ற பிள்ளை.

இன்னொரு விஷயம். ஷோனாவின் நாய் என் தயிர் சாதத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தது. அதட்டுவதற்கு ஆங்கிலம் வாயில் வரவில்லை. "ஏல, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டது. "கையைக் குடு" என்றேன். கையைக் கொடுத்தது. இந்த நாட்டு நாய்களுக்கு அறிவு அதிகம்.

திரும்பும்போது அபர்ஃபெல்டியில் ஷோனா வீட்டில் தேநீர். சின்ன வீடு, துப்புரவாக இருந்தது. பாத்ரூம் எங்கே என்று நான் நெல்லையப்பனைத்தான் கேட்டேன், "இடது பக்கம்மா, கதவை கொஞ்சம் தூக்கித் தள்ளணும்" என்றான். சமையலறையில் அடுப்புக்கு மேல் ஓர் இட்லிப் பானை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் தென்காசியில் வாங்கி இவனுக்குக் கொடுத்தனுப்பி, வீடு மாறும்போது தொலைந்துபோனதாக இவன் சொன்ன பானை மாதிரியே இருந்தது. மூடியில் அதே நெளிவு. இங்கேயும் இந்த மாதிரி விற்கிறார்கள் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். பாவம், நல்ல பிள்ளை. நம் ஊராக இருந்தால் நானே ஒரு இடம் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

செப்டம்பர் 1, திங்கள்

எள்ளுப் படத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அனுப்பும்போதே, இதைக் கோவில்பட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அனுப்பிவிட்டார்.

கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர். "கை தவறிப் போயிட்டு கோமதி" என்கிறார். கோவில்பட்டிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மலை நல்லா இருக்கு. மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விமானத்தைப் பிடித்துப் போய் வீட்டுக்காரரை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

நெல்லையப்பனின் நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். போட்டோவுக்கு என்று சொல்லவில்லை. குளிருக்கு நல்லது என்று சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

வேலை முடிந்தது. விவரமாக எழுதுகிறேன்.

ரன்னோக் ஏரிக்கரை. நல்ல காற்று, கொண்டையை அவிழ்த்துவிடுகிற காற்று. மற்றவர்கள் மேட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் ஷோனாவும் நாயும் கீழே. நெல்லையப்பன் கொஞ்சம் தள்ளி ஸ்டாண்டின் காலைத் திருகிக்கொண்டிருந்தான். இந்தப் பெண்ணிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று எனக்கே தோன்றியது. ஆடு மாட்டை ஆடாமல் நிற்க வைக்கத் தெரிந்தவள், இவனை நிற்க வைக்க மாட்டாளா? என் ஆபீஸ் ஆங்கிலத்தில், "தயவுசெய்து என் மகனை, திருமண நோக்கத்திற்காக, ஒரு படம் எடுத்துத் தரவும்" என்று கேட்டுக்கொண்டேன்.

நாயைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"திருமணமா? யாருடன்?" என்றாள்.

"கோவில்பட்டி. பல் மருத்துவர். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வீட்டாருக்குப் படம் மட்டும்தான் பாக்கி."

அவள் நெல்லையப்பனைப் பார்த்தாள். அவனுக்குக் காது கேட்கிற தூரம்தான். ஆனால் அந்த ஸ்டாண்டின் காலில் அப்படி என்ன இருந்ததோ, தலையைத் தூக்கவே இல்லை.

"படம் எப்படி இருக்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"பொறுப்பான ஆள் என்று தெரிய வேண்டும். சிரிக்கலாம், பல் தெரியக் கூடாது."

"பல் மருத்துவருக்கு அனுப்புகிறீர்கள். பல் தெரிய வேண்டாமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நேராகப் போய் அவனை ஏரிக்கு முன்னால் நிறுத்தினாள். மேல்சட்டையைக் கழற்றச் சொன்னாள், நீலச் சட்டையின் காலரைச் சரிசெய்தாள். இவனுக்குப் பின்னந்தலையில் ஒரு முடிக்கொத்து உண்டு. எண்ணெய் வைத்தாலும் படியாது, எச்சில் தொட்டு அமுக்கினால்தான் படியும். அவள் எச்சில் தொட்டு அமுக்கினாள். இந்த நாட்டிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு போல.

"இதெல்லாம் வேண்டாம் ஷோனா" என்று அவன் ஏதோ முணுமுணுத்தான். "உன் அம்மா கேட்டிருக்கிறார். என்னைப் பார்" என்றாள். ஒரே படம். காட்டக்கூட இல்லை, உங்கள் போனுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் போய்ப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. மிட்ஜ் கண்ணில் விழுந்துவிட்டது என்றாள். நாய் அவள் மடியில் தலையை வைத்திருந்தது.

காற்று அவ்வளவு பலம். என் சால்வை பறந்துபோய், ஃபெர்கஸ்தான் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

படம் வந்தது.

நன்றாக இருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து எத்தனையோ படம் எடுத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் யாரோ அடிக்க வருகிற மாதிரிதான் விழிப்பான். இதில் அப்படி இல்லை.

ஆபீசில் கல்யாணப் பதிவுக்கு வருகிறவர்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். பெரியவர்கள் பார்த்து முடித்த மாப்பிள்ளை, நான் எழுதி முடிக்கிறவரைக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். வீட்டுக்குத் தெரியாமல் வந்து நிற்கிறவன் பெண்ணைத்தான் பார்ப்பான், பாவமாகப் பார்ப்பான், இவள் மனசு மாறிவிடுவாளோ என்று பார்ப்பான். ஒரு நாளும் தப்பியதில்லை. இந்தப் படத்தில் நெல்லையப்பன் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

வெளிச்சம் சரியில்லை. அனுப்பவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்காரரிடம், படம் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார். என்ன நல்லது?

நெல்லையப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. போனைப் பார்க்கிறான், வைக்கிறான், எடுக்கிறான்.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. ரசம் வைத்தேன். ஆவணி முடிய இன்னும் ஐந்து நாள்.

செப்டம்பர் 13, சனி

க்ளென் கோ என்கிற மலைப்பக்கம் போனோம். ஷோனா வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. எல்லாரும் நெல்லையப்பனிடம் மட்டும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஃபெர்கஸ் அவன் தோளில் தட்டி ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

மத்தியானம் வரைக்கும் மழை. பிறகு, நான் வந்த நாளிலிருந்து இவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அது வந்தது. மேகம் கிழிந்து வெயில் ஒரு மலையின் மேல் மட்டும் விழுந்தது. மற்ற மலையெல்லாம் கறுப்பு, அது மட்டும் பொன். ஆளாளுக்கு ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். ஃபெர்கஸ் தாடிக்குள் அழுதுகொண்டே எடுத்தார். என் பையன் கேமராவுக்குப் பின்னால் அசையாமல் நின்றான். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். லென்ஸ் மூடியே திறக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மலையை அல்ல, கார் வருகிற ரோட்டை.

திரும்பும்போது காரில் கேட்டேன்.

"அந்தப் பிள்ளை ஏன்ல வரலை?"

"வேலையாம்மா. ஆட்டுக்குப் பிரசவம்."

"ஆடு குட்டி போடுதது இங்க சித்திரையிலதான்னு அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா."

வண்டியை ஓரமாக நிறுத்தினான். பிறகு சொன்னான். மூன்று வருஷமாம். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான். இப்போது அவள் பேசமாட்டேன் என்கிறாளாம். "எச்சில் தொட்டு ஒன் தலையைச் சீவி, இன்னொருத்திக்குப் படம் எடுத்துக் கொடுத்துட்டேன், இனிமே எனக்கு என்ன வேலைன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு முதலிலேயே தெரியும் என்று எழுதினால் பொய். தெரியாது என்று எழுதினாலும் பொய். ஆனால் கோபம் வந்தது உண்மை. நாய்க்கு உட்காரச் சொல்லித் தமிழில் பழக்கத் தெரிந்திருக்கிறது, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

"எத்தனை பிள்ளைகளுக்கு நான் கல்யாணம் பதிஞ்சு கொடுத்திருக்கேன், ஒனக்குத் தெரியாதால? வெளியில அம்மையும் அப்பனும் மண்ணை வாரித் தூத்திக்கிட்டு நிப்பாவ. உள்ள நான் பேனாவைக் கீழ வைக்கலியே!"

"அதெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகம்மா" என்றான்.

வீடு வந்து சேர்கிறவரைக்கும் மடியிலிருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். இதை எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து ஒத்திகை. பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன், போட்டேன் என்றார். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தேன் என்றார். பையன் இங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை விரும்புகிறான், அவள் ஆடு மாட்டு டாக்டர், வேறு யாரையும் கட்டமாட்டான் போலிருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பயந்துவிட்டேன்.

"நாய்க்குக் கால்ல முள்ளு குத்தியிருந்துதே, சரியாயிட்டா?" என்றார்.

நாய் இருப்பதையே நான் அவரிடம் சொல்லவில்லை.

போன வருஷமே பையன் அப்பாவிடம் சொல்லிவிட்டானாம். வாரம் ஒரு நாள் அந்தப் பெண்ணோடு வீடியோவில் பேசுவாராம். நான் கோவிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை பார்த்து! கோவில்பட்டிக்கு எள்ளுப் படம் போனதும் கை தவறி இல்லை, தெரிந்தேதான்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"பயம்தான் கோமதி. ரெண்டு பேருக்கும். நீ சொல்லு, நீ சொல்லுன்னு ஒரு வருஷம் ஓடிட்டு."

போனை வைத்துவிட்டேன். அழுதேன். பையன் ஒருத்தியை விரும்பியதற்காக இல்லை. அதை ஒரு வருஷமாக இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்களே, என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

கோவில்பட்டிக்காரரிடம் நானே பேசினேன். பையன் மனசு வேறு இடத்தில் இருக்கிறது, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர். "எங்க பிள்ளையும் வெளிநாடு வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தா. நான் எப்படிச் சொல்லன்னு முழிச்சிட்டிருந்தேன்" என்றார். கடைசியில் தயங்கித் தயங்கி, "அந்த மலைப் படத்தை நாங்களே வச்சிக்கிடலாமா? பெருசா போட்டு ஹால்ல மாட்டிட்டோம்" என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நெல்லையப்பன் ஷோனாவுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தான். எடுக்கவில்லை. நாளைக்கு நேரில் போய்ப் பேசு என்றால், "என்ன சொல்லிப் பேசம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இவனும் இவன் அப்பாவும் அச்சில் வார்த்த மாதிரிதான். இவனை நம்பினால் ஐப்பசி வந்தாலும் காரியம் நடக்காது. நாளையோடு ஆவணி முடிகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆவணி கடைசி நாள். பையன் வேலைக்குப் போனதும் கிளம்பினேன்.

கடைத்தெருவில் போட்டோ கடை இருக்கிறது. போனிலிருந்த படத்தைக் கையகலத்துக்குப் போட்டு வாங்கினேன். தாம்பாளத்துக்கு எங்கே போக? கேக் சுடுகிற தட்டுதான் இருந்தது. தேய்த்துக் கழுவி, ஆப்பிள், வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமம், மஞ்சள். வெற்றிலை கிடைக்கவில்லை. தேங்காய் கிடைத்தது, கடைக்காரன் ஏற்கெனவே குடுமியைச் செதுக்கியிருந்தான். கொல்லையில் பூத்திருந்த இரண்டு ரோஜாவைக் கிள்ளி வைத்து, பட்டுப்புடவை கட்டி, அதற்கு மேல் பையனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அபர்ஃபெல்டி பஸ் ஏறினேன். டிரைவர் தட்டைப் பார்த்து, "பிறந்தநாளா?" என்றார். "பெண் வீட்டுக்குப் போகிறேன்" என்றேன். எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

ஷோனாதான் கதவைத் திறந்தாள். ஏதோ மாட்டைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் ஈரம். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. "அவன் அனுப்பினானா?" என்றாள். அவனுக்கு அவ்வளவு விவரம் போதாது, நானாகத்தான் வந்தேன் என்றேன். உள்ளே போய் மேஜையில் தட்டை வைத்தேன். பேச வேண்டியதை பஸ்ஸிலேயே ஆங்கிலத்தில் கோத்து வைத்திருந்தேன். ஒன்றும் மறக்கவில்லை.

"எங்கள் பக்கத்து வழக்கம் இது. பையனின் அம்மா பெண் வீட்டுக்குப் படம் கொடுக்க வேண்டும். படம் எடுத்தாயிற்று. கொடுக்க வேண்டிய வீடுதான் தவறிப்போய்விட்டது. இதுதான் சரியான வீடு. பையன் கம்ப்யூட்டர் வேலை. கெட்ட பழக்கம் கிடையாது. போட்டோ பைத்தியம் உண்டு, அதை மறைக்கவில்லை. பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை எடுத்தாள். அவளே எடுத்த படம்தான், ஆனாலும் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். படத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு, நம் ஊரில் எந்தப் பெண் வீட்டாரும் முதலில் கேட்கிற கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்டாள்.

"பையன் சரி. மாமியார் எப்படி?"

"கொஞ்சம் கஷ்டமானவள்தான்" என்றேன். "ஆனால் அடுத்த மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவாள்."

வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.